கலியபெருமாள் விட்ட வாட்டம்

கலியபெருமாளுக்கு இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரே ஒரு பெருமை உண்டு. அவர் பதித்த பைப்பில் தண்ணீர் நின்றுவிட்டது என்று ஒரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து நின்றதில்லை. புதுச்சேரியில் தான் மண்ணுக்குள் புதைத்த கழிவுநீர்ப் பைப்பை எல்லாம் எடுத்து நீட்டி வைத்தால் விழுப்புரம் தாண்டிப் போகும் என்று அவரே சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் அதைத் தோண்டி எடுத்து யார் அளக்கப் போகிறார்கள்? அவருடைய வயிற்றெரிச்சலே அதுதான். யாரும் பார்க்கப் போவதில்லை.

குழாய், ஷவர், வாஷ்பேசின் மாட்டுகிறவனுடைய வேலை கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்காரர் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து திருகித் திருகிக் காட்டுவார். கலியபெருமாளுடையது கீழ் வேலை. முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து, மணல் பரப்பி, நாலு அங்குல பைப்பைப் படுக்க வைத்து, நாலடிக்கு ஒரு அங்குலம் இறங்குகிற மாதிரி வாட்டம் விட வேண்டும். புத்தகத்தில் சரிவு என்று எழுதுவார்கள். கட்டட வேலைக்காரர்கள் வாயில் அது வாட்டம். குறைந்தால் அழுக்கு நின்றுவிடும். கூடினால் தண்ணீர் மட்டும் முந்திக்கொண்டு ஓட, அழுக்கு பின்தங்கிவிடும். ரசமட்டத்தை வைத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, குப்புறப் படுத்து அதைச் சரிபார்ப்பார். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டால் அவர் அங்கே வந்துபோனதற்கு ஒரு தடயமும் இருக்காது.

இன்னொரு ஒழுங்கும் அவரிடம் இருந்தது. கட்டட வேலை நடக்கும்போது கல்லும் சிமெண்டும் உள்ளே விழாமலிருக்க, பைப் வாயில் சாக்கைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். உருவ மறந்துவிட்டு, குடிவந்த மறுநாளே வீட்டுக்காரரிடம் ஏச்சு வாங்காத பிளம்பர் ஊரில் கிடையாது. கலியபெருமாள் மட்டும் வாங்கியதில்லை. ஒவ்வொரு சாக்கிலும் கட்டுக்கம்பி கட்டி, மறுமுனையைக் கண்ணில் படுகிற இடத்தில் ஆணியில் மாட்டி வைப்பார். இத்தனை அடைத்தோம், இத்தனை உருவினோம் என்று எண்ணிப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்பமாட்டார். தொழிலில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும்.

கலைச்செல்வன் மட்டும் குடும்பத்துக்குள் வராமல் இருந்திருந்தால் இந்தப் பெருமையோடு அவர் நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பார்.

கலைச்செல்வன் அவருக்குச் சகலை. கலியபெருமாள் மணியம்மாளைக் கட்டி ஏழு வருடம் கழித்து, அவள் தங்கை பாக்யலட்சுமியைக் கட்டியவன். தட்டாஞ்சாவடியில் குழாய்க்குப் பாலிஷ் போடுகிற பட்டறையில் இருந்தவன், அப்படியே அந்தக் குழாய்களை மாட்டுகிற வேலைக்கு வந்துவிட்டான். தேய்த்த சட்டை, காலில் ஷூ, இடுப்பில் செல்போன். வேலை முடிந்து வரும்போதும் போனபோது இருந்த மாதிரியே வருவான். கலியபெருமாள் வருவது தெருமுனையிலேயே மூக்குக்குத் தெரியும்.

இருவரும் சேர்ந்து வில்லியனூரில் மாமியார் வீட்டுக்குப் போனால், மாமியார் செல்வாம்பாள் கலைச்செல்வனுக்கு நாற்காலியைத் தட்டிப் போடுவாள். கலியபெருமாளைப் பார்த்து, “கால் கழுவிட்டு உள்ள வாங்க மாப்ள” என்பாள். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார். அன்று பைப்பையே தொட்டிருக்கமாட்டார். இருந்தாலும் கால் கழுவச் சொல்லுவாள். கலைச்செல்வனிடம் ஒருநாளும் அந்த வார்த்தை வந்ததில்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு யாருக்குப் போகிறது என்பதையும் கலியபெருமாள் கவனித்து வைத்திருந்தார். அதைச் சொல்லி மணியம்மாளிடம் சண்டை போட அவருக்கே வெட்கமாக இருந்ததால் உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

புழுக்கம் முற்றிப்போனது மதாம் வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா ஒருவரின் மனைவி அவர். பெயர் சந்திரகலா, வீதியில் எல்லாருக்கும் மதாம். கடற்கரைப் பக்கம் பழைய வீடு. முற்றத்தைப் பெயர்த்து, நாலு குளியலறைக் கழிவையும் ஒரே வழியில் கூட்டி, தெருச் சாக்கடையில் சேர்க்க வேண்டும். கலியபெருமாள் மூன்று வாரம் அந்த முற்றத்தில் படுத்துக் கிடந்தார். பழைய சுண்ணாம்புச் சுவரை விரிசல் விடாமல் குடைந்து பைப்பை வெளியே கொண்டுவந்தது அவர் வாழ்க்கையிலேயே நல்ல வேலை. கடைசி இரண்டு நாள் கலைச்செல்வன் வந்து கம்மோடையும் ஷவரையும் மாட்டினான். மதாம் ஷவரைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு அம்மாவிடம், “எங்க ப்ளோம்பியே, கெட்டிக்காரப் பையன்” என்றார். பிறகு சமையல்காரம்மாவைக் கூப்பிட்டு, “அந்த டிச்சுக்காரர் சாப்ட்டாரா பாரு” என்றார்.

ப்ளோம்பியே என்றால் என்னவென்று கலியபெருமாள் வாசலில் நின்ற ரிக்‌ஷாக்காரரிடம் கேட்டார். பிரெஞ்சில் பிளம்பராம். ஆக, அவன் பிளம்பர், இவர் சாக்கடை அள்ளுகிற டிச்சுக்காரர். மதாம் மனசில் வஞ்சகம் இல்லை, வயிறு நிறையத்தான் சோறு போட்டார். ஆனால் அந்த ஒரு சொல் கலியபெருமாளுக்கு இரண்டு வருடம் செரிக்கவில்லை.

2007-இல் கலைச்செல்வன் ரெட்டியார்பாளையத்தில் சொந்த வீடு கட்டினான். கலியபெருமாள் அங்கிருந்து மூன்று தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வெற்றிலை பாக்கோடு வந்து நின்றான் கலைச்செல்வன். “அண்ணே, மேல வேலைய நான் பாத்துக்கறேன். கீழ நீங்கதான் செய்யணும். வேற யாரு கை வெச்சாலும் எனக்கு மனசு ஆறாது” என்றான். கலியபெருமாள் காதில் விழுந்தது, மேலே நான், கீழே நீ என்பதுதான். மற்றதெல்லாம் காற்றோடு போய்விட்டது. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

வேலையில் மட்டும் அவர் குறை வைக்கவில்லை. குளியலறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வருகிற பைப்பை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சேம்பரில் கூட்டினார். இரண்டடிக்கு இரண்டடி சிமெண்டுத் தொட்டி, மேலே கைப்பிடி வைத்த கல் மூடி. அதிலிருந்து செப்டிக் டேங்குக்கு ஒரே பைப். நாலடிக்கு ஒரு அங்குலம், நூல் பிசகவில்லை. பொறாமை மனசு முழுக்க இருந்தது, கைக்கு இறங்கவில்லை. கை அது பாட்டுக்குப் பழக்கப்படி ஒழுங்காக வேலை செய்துவிட்டது. அதற்கும் கலியபெருமாள் கை மேலேயே கோபப்பட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார்கள். வேலை செய்தவர்களுக்கு அன்று தட்டு வைத்து வேட்டி சட்டை கொடுப்பது வழக்கம். மேஸ்திரிக்கு ஒரு தட்டு, ஆசாரிக்கு ஒரு தட்டு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாங்கினவர் அப்போதே கட்டிக்கொண்டு வந்து நிற்க வேண்டும். தங்கையோடு ஜவுளிக் கடைக்குப் போய்வந்த மணியம்மாள், ஐந்து செட்டு எடுத்தார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கலியபெருமாள் விரல் விட்டு எண்ணினார். மேஸ்திரி ராமலிங்கம், தச்சு ஆசாரி, எலக்ட்ரீசியன், டைல்ஸ் போட்டவர், பெயின்டர். ஐந்து முடிந்துவிட்டது. மறுபடி எண்ணினார். அதே ஐந்து. வீட்டுக்காரனே பிளம்பர், அப்புறம் பிளம்பருக்குத் தனியாக எதற்குத் தட்டு? கேட்டால் சொந்தக்காரருக்குப் போய்க் கூலிக்காரர் மாதிரி தட்டா என்று அழகாகப் பேசுவான். அவனுக்குப் பேச்சா வராது!

விசேஷத்துக்கு மூன்று நாள் முன்பு கலியபெருமாள் சாக்குகளை உருவப் போனார். குளியலறையில் இரண்டு, சமையலறையில் ஒன்று, பின்கட்டில் ஒன்று. கடைசியாக, சேம்பரிலிருந்து டேங்குக்குப் போகிற வாயில் ஒன்று. அதன் கம்பியைப் பிடித்து இழுக்கப் போனவர் அப்படியே குந்திக்கொண்டிருந்தார். உள்ளே கலைச்செல்வன் யாருக்கோ ஷவரைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தமும் சிரிப்பும் கேட்டது. கலியபெருமாள் கட்டிங் பிளேயரால் கம்பியை ஒட்ட நறுக்கினார். கடப்பாரை முனையால் சாக்கை ஒரு முழம் உள்ளே தள்ளினார். கல் மூடியைப் போட்டு மூடிவிட்டுக் கை கழுவினார்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சேம்பர் நிறைய பதினைந்து குடம் பிடிக்கும், பைப்பெல்லாம் சேர்ந்து பத்துக் குடம். விசேஷத்தன்று நூற்றைம்பது பேர் கை கழுவினால் எட்டு மணிக்கெல்லாம் நிறைந்துவிடும். அப்புறம் பளபளக்கும் குளியலறையில் தண்ணீர் திரும்பி மேலே வரும். தேய்த்த சட்டைக்காரன் எல்லார் முன்னாலும் என்ன செய்வதென்று தெரியாமல் முழிப்பான். கூட்டம் கலியபெருமாளைத் தேடும். அவர் நிதானமாக எழுந்துபோய், சேம்பரைத் திறந்து, கையை விட்டு ஒரே இழுப்பில் சாக்கை உருவுவார். சிமெண்டுக்காரன் எவனோ போட்டது என்றால் நம்பமாட்டார்களா? யார் பிளம்பர் என்று அன்றைக்கு ஊருக்குத் தெரியும்.

விசேஷத்தன்று காலை அவர் போனபோது சேம்பர் மூடியின் மேல் பெரிய கோலம் போட்டிருந்தது. செல்வாம்பாள் வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். கலியபெருமாளைப் பார்த்ததும், “கால் கழுவிட்டு உள்ள வாங்க மாப்ள” என்றாள். அவர் கழுவினார். சேம்பருக்கு அரைக் குடம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

பால் பொங்கியது. பந்தி தொடங்கியது. குளியலறைக் கதவு தெரிகிற மாதிரி ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே யார் போனாலும் எத்தனை மொண்டு ஊற்றுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டார். ஏழரைக்குப் பத்துக் குடம். எட்டுக்குப் பதினெட்டு. பின்கட்டில் சமையல்காரர்கள் அரிசி களைந்த தண்ணீர் தனி. பாக்யலட்சுமி காப்பி கொண்டுவந்தாள். “ஏன் மாமா, முகமே வாட்டமா இருக்கு? ஒடம்புக்கு முடியலையா?” என்றாள். ஒன்றுமில்லை என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். எட்டரைக்கு இருபத்தைந்து குடம் ஆகிவிட்டது. தண்ணீர் வரவில்லை.

அதற்குள் கலைச்செல்வன் நடுக்கூடத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தான். கூட்டம் கூடியது. வழக்கப்படி மேஸ்திரி ராமலிங்கம் முன்னால் வந்து நின்றார். கலைச்செல்வன் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, கொஞ்சம் பொறுக்கச் சொன்னான்.

“மொதத் தட்டு பிளம்பருக்கு” என்றான்.

வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று யாரோ கேலி செய்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். கலைச்செல்வனும் சிரித்துவிட்டு, “நான் கொழா மாட்டறவன். இந்த ஊட்டுக்குப் பிளம்பர் எங்க அண்ணன்தான்” என்றான். தட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவோரம் இருந்த நாற்காலிக்கே வந்தான்.

பெயின்டர் பாதியில் கோபித்துக்கொண்டு போனதும், கடைசிப் பூச்சைக் கலைச்செல்வனே அடித்ததும் கலியபெருமாளுக்கு அப்போதுதான் தெரியவந்தது. ஐந்தாவது செட்டு ஆரம்பத்திலிருந்தே அவருக்குத்தான். மற்ற நாலும் சாதா வேட்டி, இது ஜரிகைக் கரை. புருஷனும் பெண்டாட்டியும் அவர் காலில் விழுந்து எழுந்தார்கள். சற்று முன்பு மாமியார் கழுவச் சொன்ன அதே கால். கட்டிக்கொண்டு வரச்சொல்லிக் கூட்டம் அவரைக் குளியலறைக்குள் தள்ளிவிட்டது.

கதவைத் தாழிட்டுக்கொண்டு கலியபெருமாள் தரையைப் பார்த்தார். தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்தார். இதோ இப்போது வரும். இருபத்தைந்து குடம் தாண்டியாயிற்று. தன் கணக்கு ஒருநாளும் தப்பாது என்று அவருக்கே தெரியும். வேட்டியை எப்படிக் கட்டினார் என்று அவருக்குத் தெரியாது. வெளியே செல்வாம்பாள் குரல் கேட்டது. பொங்கல் அண்டா இரண்டையும் பின்கட்டில் கவிழ்த்துக் கழுவச் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்துக் குடம். பிளம்பருக்கு முதல் தட்டு கொடுத்த வீட்டில், அந்தப் பிளம்பர் போட்ட பைப்பிலிருந்து அழுக்குத் தண்ணீர் கூடத்துக்கு வரப்போகிறது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறை. அதுவும் ஜரிகை வேட்டியோடு.

கதவைத் திறந்துகொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குப் போனார். கோலத்தின் மேல் மண்டியிட்டார். ஒரு சிறுகல்லால் மூடி ஓரத்துச் சிமெண்டுப் பூச்சைத் தட்டப் போனார்; அங்கே பூச்சே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினார். கோலமாவு வேட்டியில் அப்பியது. செல்வாம்பாள், “ஐயையோ, கோலம் மாப்ள” என்றாள். சேம்பர் நிறையாமல் கிடப்பதைக்கூடக் கவனிக்காமல், சட்டைக் கையைச் சுருட்டி, கவிழ்ந்து படுத்து, பைப்புக்குள் கையைத் தோள்வரை விட்டார்.

ஒன்றும் இல்லை. துழாவினார். வழுவழுவென்று வெறும் பைப்தான் கைக்குத் தட்டுப்பட்டது. அவர் கைக்குக் கீழே தண்ணீர் ஒரு விரல் உயரத்துக்கு, சத்தம் போடாமல் போய்க்கொண்டிருந்தது.

தலையைத் தூக்கியபோது கூட்டம் முழுக்க வாசலில் நின்றிருந்தது. என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கலைச்செல்வன் ஷூ இல்லாத காலோடு வந்து அவர் பக்கத்தில் குந்தினான். கூட்டத்தைப் பார்த்து, “ஒண்ணுமில்ல, அண்ணன் வாட்டம் பாக்குறாரு” என்றான்.

பிறகு தலையைக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான். “முந்தாநேத்து ஊடு கழுவி வுட்டோம். தண்ணி டேங்குல உழுவுற சத்தம் கேக்கல. தொறந்து சாக்க எடுத்துட்டேன் அண்ணே. மறந்துட்டீங்க போல.”

கலியபெருமாள் மறக்கிறவர் இல்லை என்று அவனுக்குத் தெரியும். கம்பி நறுக்கப்பட்டிருந்ததை அவன் பார்த்திருப்பான். சாக்கு ஒரு முழம் உள்ளே போயிருந்ததையும் பார்த்திருப்பான். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் முதல் தட்டைக் கொடுத்திருக்கிறான். கலியபெருமாள் அவன் முகத்தில் எங்கேயாவது ஒரு குத்தல் இருக்கிறதா என்று தேடினார். இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கலைச்செல்வன் எழுந்து, பாக்யலட்சுமியைக் குளியலறையில் ஒரு பக்கெட் தண்ணீரைச் சாய்க்கச் சொன்னான். கூட்டத்தைக் கிட்டே வந்து பார்க்கச் சொன்னான். ராமலிங்கம் மேஸ்திரி முதலில் குனிந்தார். பின்னால் பத்துப் பதினைந்து தலைகள் குனிந்தன. தண்ணீர் வந்தது, தேங்காமல் தெறிக்காமல் சேம்பரைக் கடந்து அடுத்த வாய்க்குள் இறங்கியது. டேங்கில் விழுகிற சத்தம் கேட்டது. “என்னா வாட்டம்யா” என்றார் மேஸ்திரி. அவர் யாரையும் லேசில் புகழ்கிறவர் இல்லை. கலியபெருமாளுடைய வேலையைக் கூட்டமாக நின்று ஜனங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் அவர் இத்தனை வருடம் ஏங்கினார். அதையும் கலைச்செல்வன்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

செல்வாம்பாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தானே அவர் கையில் ஊற்றினாள். கழுவச் சொல்லவில்லை. பாக்யலட்சுமி கோலமாவை எடுத்துவந்து மூடியின் மேல் மறுபடி புள்ளி வைக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது கலைச்செல்வன் பின்கட்டுச் சுவரைக் காட்டினான். “சாக்கு அங்க காயுது அண்ணே. எடுத்துட்டுப் போங்க, அடுத்த வேலைக்கு ஆவும்.” அலசிப் பிழிந்து காயப்போட்டிருந்த சாக்கை அவர் சுருட்டி எடுத்துக்கொண்டார். அதன் நடுவில் புதுக் கட்டுக்கம்பி கட்டியிருந்தது.

மூன்று தெருவையும் நடந்தே கடந்தார்கள். ஒரு கையில் தாம்பூலப் பை, ஒரு கையில் சாக்கு. மணியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்த அண்ணன் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டார்கள், முதல் தட்டு, ஜரிகை வேட்டி என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். “அவரு மனசு யாருக்குங்க வரும்?” என்றாள்.

“அதாண்டி எனக்கு எரியுது” என்றார் கலியபெருமாள்.

மணியம்மாள் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. இத்தனை நாள் அவனுடைய ஷூவையும் செல்போனையும் சொந்த வீட்டையும் பார்த்து எரிந்தார். அதெல்லாம் உழைத்தால், காலம் கூடிவந்தால் தனக்கும் ஒருநாள் வரலாம். இது எந்தக் கடையில் கிடைக்கும்? வீடு வந்து சேரும்வரை அந்தக் கம்பி முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு குறை தேடினார். அவர் போடுவதைவிட அது நன்றாகவே இருந்தது.